முத்துச்செல்வியை மைக்கில் கூப்பிட்டேன்

காலை எட்டரை மணி. என் மேசையில் ஆறு டோக்கன்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து விழுந்தன. வேலைக்கு வரும்போது வாட்ச்மேனிடம் வாங்கிக் கழுத்தில் மாட்டிக்கொள்கிற, எண் போட்ட பிளாஸ்டிக் வில்லைகள். அதைக் கழற்றி மேசையில் வைத்தால் இனி வேலைக்கு வரவில்லை என்று அர்த்தம். எதிரே ஆறு பெண்கள் நின்றார்கள். முன்னால் நின்றவள் முத்துச்செல்வி.

அவள் ஒரு துண்டுத் தாளை என் பக்கம் தள்ளினாள். நைட்டிக் கட்டுகளில் சைஸ் எழுதி ஒட்டுகிற தாள். பின்பக்கம் நீல மையில் ஒரே ஒரு வரி.

"நேத்து என்னை மைக்கில் கூப்பிட்டீங்களாம்."

முத்துச்செல்விக்குப் பிறவியிலேயே காது கேட்காது. கூட நின்ற ஐந்து பேருக்கும் கேட்காது. நான் மைக்கில் கூப்பிட்டது உண்மைதான். ஒரு தடவை இல்லை, மூன்று தடவை.

இந்தப் பத்தியில் இதை எழுத வேண்டாம் என்றுதான் இத்தனை வாரமும் தள்ளிப்போட்டேன். தன்னைப் பற்றித் தானே எழுதும்போது யாருக்கும் முகத்தில் கொஞ்சம் பவுடர் போட்டுக்கொள்ளத் தோன்றும். ஆனால் தென்காசியிலிருந்து ஒரு வாசகர் கடிதம் போட்டிருக்கிறார். "எல்லாரும் சமம் என்கிறீர்கள். அப்புறம் சிலருக்கு மட்டும் தனி ஏற்பாடு எதற்கு? இரண்டும் எப்படி ஒத்துப்போகும்?" என்று கேட்கிறார். நான் வக்கீலும் இல்லை, வாத்தியாரும் இல்லை. ராஜபாளையத்தில் நைட்டி தைக்கிற கம்பெனியில் சூப்பர்வைசராக இருந்தவள். எனக்குத் தெரிந்த பதில் அந்தத் துண்டுத் தாள்தான்.

ஆளுக்கு ஆறு இட்லி

முதலில் அப்பாவைச் சொல்லிவிடுகிறேன். என் குணத்துக்குப் பாதிக் காரணம் அவர்.

அப்பா பட்டாளத்தில் ஹவில்தாராக இருந்து வந்தவர். வீட்டையும் பட்டாளம் மாதிரியே நடத்தினார். பையனுக்கு ஒன்று, பெண்ணுக்கு ஒன்று என்ற பேச்சே எங்கள் வீட்டில் கிடையாது. தெருவில் அதற்காகவே அவருக்குத் தனி மரியாதை இருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை ஆளுக்கு ஆறு இட்லி. அதில் ஏற்ற இறக்கம் இருக்காது.

வளர்ந்து கொண்டிருந்த என் அண்ணனுக்கும் ஆறு, நாலு வயதுத் தங்கச்சிக்கும் ஆறு. அண்ணன் ஆறையும் இரண்டு நிமிஷத்தில் முடித்துவிட்டுத் தட்டைப் பார்த்துக்கொண்டிருப்பான். தங்கச்சி மூன்றாவது இட்லியில் அழ ஆரம்பிப்பாள். மிச்சம் வைத்தால் அப்பாவுக்குப் பிடிக்காது. மாசமாக இருந்த அக்கா பிறந்த வீட்டுக்கு வந்தபோது ஏழாவது இட்லி கேட்டாள். அப்பா யோசித்துவிட்டு, அப்படியானால் எல்லாருக்கும் ஏழு என்றார். தங்கச்சி அன்றைக்கு எழுந்தே ஓடிவிட்டாள்.

இதைச் சொல்லிச் சொல்லி நாங்கள் இன்றும் சிரிக்கிறோம். சிரித்த நான்தான் வேலைக்குப் போன இடத்தில் அதே இட்லியைத் தட்டில் வைத்தேன். இத்தனைக்கும் எங்கள் தொழிலில் ஃப்ரீ சைஸ் என்று ஒரு நைட்டி உண்டு. ஒல்லியாக இருப்பவளுக்கு அது கூடாரம், உடம்புக்காரிக்கு மூச்சு முட்டும். பதினைந்து வருஷம் அதைத் தைத்தும் எனக்கு உறைக்கவில்லை.

பேச்சியம்மாள் விரல்

கொரோனா முடிந்து கம்பெனி மறுபடி சூடு பிடித்த சமயம். ஷெட்டுக்குள் மூன்று லைன். ஏ, பி லைன்களில் நாற்பது பெண்கள். சி லைனில் முத்துச்செல்வியும் அவள் தோழிகளும். ஒருவர் கையை ஒருவர் பார்த்தால்தான் அவர்களுக்குப் பேச்சு. அதனால் ஆறு பேரும் ஒரே லைனில் உட்காரக் கேட்டார்கள், கொடுத்திருந்தோம். கழுத்துப் பட்டி வைப்பதில் முத்துச்செல்விக்கு இணை கிடையாது. அவள் தைத்த கழுத்தில் சுருக்கம் தேடிக் கண்டுபிடித்தால் எனக்கு நானே ஒரு காபி வாங்கித் தரலாம்.

பி லைனில் பேச்சியம்மாள். வ. புதுப்பட்டியிலிருந்து கம்பெனி வேனில் வருவாள். நல்ல வேலைக்காரி, நல்ல வாய்க்காரி. ஒருநாள் மடியில் போனை வைத்து என்னவோ பார்த்துக்கொண்டே நைட்டிக்குக் கை வைத்துத் தைத்தாள். ஊசி ஆள்காட்டி விரலில் இறங்கி மறுபக்கம் வந்துவிட்டது. மெஷினை நிறுத்தி, சக்கரத்தைக் கையால் திருப்பி நான்தான் ஊசியை ஏற்றினேன். புதுத் துணியின் கஞ்சி வாசனையோடு அந்த ரத்த வாசனையும் எனக்கு இன்னும் மூக்கில் இருக்கிறது.

மறுநாளே சட்டம் போட்டேன். வாசலில் எல்லாரும் போனைக் கொடுத்துவிட வேண்டும். சாயங்காலம் போகும்போது வாங்கிக்கொள்ளலாம். வீட்டில் அவசரம் என்றால் ஆபீஸ் போனுக்கு அடிக்கட்டும். நான் மைக்கில் பேரைச் சொல்லுவேன், வந்து ஐந்து நிமிஷம் பேசலாம். யாருக்கும் விதிவிலக்கு இல்லை, நான் உட்பட. என் போனையும் பையில் போட்டு வாட்ச்மேனிடம் கொடுத்தேன்.

சி லைனில் ஆறு பேரும் வந்து ஏதோ சைகை காட்டினார்கள். போன் வேண்டும் என்கிறார்கள் என்று புரிந்தது. எல்லாருக்கும் ஒரே ரூல் என்று சுவரில் ஒட்டிய தாளைக் காட்டினேன். அந்தத் தாளை நானே எழுதி, நானே அடிக்கோடு போட்டிருந்தேன். அவ்வளவு பெருமை எனக்கு.

மூன்று தடவை

முத்துச்செல்விக்கு ஊர் ஸ்ரீவில்லிபுத்தூர். அவள் கணவர் ஆறுமுகம் அங்கே ஒரு கடையில் பால்கோவா கிண்டுகிறவர். அவருக்கும் காது கேட்காது. அன்றைக்குப் பதினோரு மணி வாக்கில் அந்தக் கடைக்காரர் ஆபீஸ் போனுக்கு அடித்தார். கொதிக்கிற பால் ஆறுமுகத்தின் வலது கையில் கொட்டிவிட்டது, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறோம், அவர் மனைவியை அனுப்புங்கள் என்றார்.

போனை வைத்ததும் என் கை தானாக மைக் சுவிட்சுக்குப் போனது. "முத்துச்செல்வி, ஆபீசுக்கு வரவும்." வரவில்லை. இன்னொரு தடவை சொன்னேன். வரவில்லை. மூன்றாவது தடவை குரலில் கொஞ்சம் காரமும் சேர்ந்திருந்தது. அதற்குள் லாரி வந்துவிட்டது. லோடு ஏற்றப் போனேன். மறந்துபோனேன். இதற்கு மேல் இதை அழகாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

ஏ லைன் கேட்டது, பி லைன் கேட்டது. யாராவது சொல்லியிருப்பார்கள் என்று எல்லாரும் நினைத்துக்கொண்டார்கள். சி லைனில் கேட்கிறவர் ஒருவருமில்லை. சாயங்காலம் ஐந்தரைக்கு வாட்ச்மேனிடம் போனை வாங்கித் திறந்தபோதுதான் கடைக்காரர் அனுப்பிய செய்திகளையும் போட்டோவையும் முத்துச்செல்வி பார்த்தாள். அவள் பஸ்ஸைப் பிடித்து ஸ்ரீவில்லிபுத்தூர் போய்ச் சேர ஆறு மணி தாண்டிவிட்டது.

ஆறுமுகம் காலையிலிருந்து ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தாராம். விரல் நுனி வரை கட்டு. பேசுவதும் அந்தக் கை, எழுதுவதும் அந்தக் கை. கூட வந்தவர் கடைக்குத் திரும்பிவிட்டார். ஆஸ்பத்திரியில் எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது, வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று கேட்டதற்கு அவரால் ஒன்றும் சொல்ல முடியவில்லை. மனைவியிடம் வீடியோவில் இடது கையால் நாலு சைகை காட்டியிருந்தாலே போதும், அவள் எழுதி அனுப்பியிருப்பாள். அவள் போன் எங்கள் வாசலில் பைக்குள் கிடந்தது.

எனக்கு எது?

நான் மைக்கில் கூப்பிட்டதை ஏ லைன் பெண் ஒருத்தி அவளுக்கு எழுதிக் காட்டியிருக்கிறாள். மறுநாள் காலை அந்தத் தாளைப் படித்ததும் எனக்கு முதலில் வந்தது கோபம். தப்புச் செய்தவளுக்குத்தான் கோபம் சீக்கிரம் வரும். உதடு நன்றாகத் தெரியும்படி நிறுத்தி நிறுத்திச் சொன்னேன். "ரூல் எல்லாருக்கும் ஒண்ணுதானே?"

அவள் தாளை வாங்கித் திருப்பினாள். எழுதினாள். நிதானமாக, எழுத்து எழுத்தாக.

"ஆபீஸ் போன் எல்லாருக்கும் இருக்கு. மைக் எல்லாருக்கும் இருக்கு. எனக்கு எது?"

அதைப் படித்தபோது என் காதெல்லாம் சூடானது. நான் யாருக்கும் சலுகை காட்டவில்லை என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டிருந்தேன். உண்மையில் நாற்பது பேருக்கு மட்டும் ஒரு ஏற்பாடு செய்துவைத்திருந்தேன். காது இருந்தால்தான் அந்த ஏற்பாடு. அது சலுகை மாதிரியே தெரியாததற்குக் காரணம், எனக்கும் காது கேட்கிறது என்பதுதான்.

டோக்கன்களை ஒவ்வொன்றாக எடுத்து அவர்கள் கையில் கொடுத்தேன். இரண்டு நாள் டைம் கொடு என்று எழுதிக் கேட்டேன். முத்துச்செல்வி யோசித்துவிட்டு இரண்டு விரலைக் காட்டினாள். மூன்றாவது நாள் டோக்கன் மறுபடி மேசைக்கு வந்துவிடும் என்று அவள் முகமே சொல்லிற்று.

முதலாளியிடம் போனேன். அவர் வீட்டில் தெலுங்கு. பதற்றம் வந்தால் அந்தப் பாஷைக்குப் போய்விடுவார். "வத்து, வத்து", வேண்டவே வேண்டாம் என்று கையை ஆட்டினார். ஆறு பேருக்குக் கொடுத்தால் நாளைக்கு மொத்த ஷெட்டும் கையை நீட்டும், உங்கள் சட்டத்தை நீங்களே உடைப்பீர்களா என்றார். நான் விடவில்லை. கடைசியில், ஷெட்டில் எல்லாரும் சரி என்றால் எனக்கு ஆட்சேபணை இல்லை என்று பந்தை என் பக்கம் தள்ளிவிட்டார்.

சாப்பாட்டு நேரத்தில் எல்லாரையும் கூட்டி விஷயத்தைச் சொன்னேன். என் மேல் தப்பு என்பதையும் சொன்னேன். பிறகு பேச்சியம்மாள் எழுந்தாள். கட்டை அவிழ்த்து நாளாகியும் அந்த விரலை இன்னும் தனியாகத் தூக்கியே வைத்திருந்தாள்.

"யக்கா, அவ புருசனுக்கு ஆனது பாவந்தான். இல்லேங்கல. ஆனா எம் விரலு போயி வந்த சட்டம் இது. எம் புள்ளைக்குக் காய்ச்சல்னா நானும் ஆபீசுக்கு ஓடியாந்து, எல்லாரும் பாக்க அஞ்சு நிமிசந்தான் பேசுதேன். அவளுகளுக்கு மட்டும் தனிச் சட்டமா? எல்லாரும் ஒண்ணுன்னு நீங்கதான் சொன்னீய."

பெண்கள் சிலர் தலையாட்டினார்கள். அவள் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. சொன்னது அத்தனையையும் தாளில் எழுதி முத்துச்செல்வியிடம் கொடுத்தேன். அவள் தோழிகள் ஐந்து பேரும் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தார்கள். கைகள் கொஞ்ச நேரம் வேகவேகமாகப் பேசிக்கொண்டன. பிறகு பதில் வந்தது. நான் சத்தமாகப் படித்தேன்.

"சரி. எல்லாரும் ஒண்ணு. நாளைக்கு ஒரு நாள் மைக் வேண்டாம். பெல் வேண்டாம். ஆபீஸ் போன் வேண்டாம். யாருக்கும்."

"இம்புட்டுத்தானா? இருந்துட்டுப் போகுது" என்றாள் பேச்சியம்மாள். எல்லாரும் சிரித்துக்கொண்டே கை கழுவப் போனார்கள்.

சத்தமில்லாத ஒரு நாள்

மறுநாள் காலை நானே பெல் வயரைக் கழற்றினேன். மைக்கை அணைத்தேன். ஆபீஸ் போன் வயரையும் சுவரிலிருந்து பிடுங்கினேன். சஞ்சீவி மலை மேல் மேகம் இறங்கிக் கிடந்தது. நல்ல குளிர்ச்சியான காலை. வேன் பெண்கள் வாசலில் நின்று பேசிக்கொண்டே இருந்தார்கள். பெல் அடிக்கட்டும் என்று காத்திருந்தார்கள். உள்ளே சி லைனில் ஆறு மெஷினும் ஓட ஆரம்பித்துக் கால் மணி நேரம் ஆகியிருந்தது. அவர்கள் தூணில் ஒரு கடிகாரம் மாட்டி வைத்திருக்கிறார்கள். அவர்கள் காசில் வாங்கியது. அது அங்கே இருப்பதே பாதிப் பேருக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

பத்தே முக்காலுக்கு டீ கேன் வந்தது. கூடவே வடை. கதவு வெளிச்சத்தில் நிழல் அசைந்ததுமே சி லைன் எழுந்துவிட்டது. ஏ லைனும் பி லைனும் மெஷின் இரைச்சலில் குனிந்த தலை நிமிராமல் தைத்துக்கொண்டிருந்தன. அவர்கள் நிமிர்ந்தபோது டீயில் ஆடை படர்ந்திருந்தது, வடை ஆறிப் போயிருந்தது. முத்துச்செல்வி கையைத் துடைத்துக்கொண்டு இருக்கைக்குத் திரும்பிக்கொண்டிருந்தாள். முகத்தில் சிரிப்பே காட்டவில்லை. எனக்குத்தான் அடக்க முடியவில்லை.

மத்தியானத்துக்கு மேல் சிரிப்பு நின்றது.

பேச்சியம்மாளின் மகன் பட்டாளத்துக்கு ஆள் எடுக்கும் இடத்துக்குப் போயிருந்தான். ஓட்டம் தேறிவிட்டான், மெடிக்கல் பாக்கி. போன தடவை மெடிக்கலில்தான் திருப்பி அனுப்பினார்கள். முடிவு வெளியே வந்ததும் ஆபீஸ் போனுக்கு அடி என்று அவனிடம் சொல்லியிருந்தாள். எந்த நாள் என்று உறுதியாகத் தெரியாததால் அது நினைவிலேயே இல்லாமல்தான் முந்தின நாள் அவ்வளவு சுலபமாகச் சரி சொல்லிவிட்டாள்.

சாப்பாட்டு நேரத்தில்தான் ஞாபகம் வந்தது. இரண்டு மணிக்குமேல் அவள் கண் ஆபீஸ் கண்ணாடியை விட்டு நகரவில்லை. ஒரு நைட்டிக்குக் கையைத் தலைகீழாக வைத்துத் தைத்தாள், பிரித்தாள், மறுபடி அதே மாதிரி தைத்தாள். மூன்று மணிக்கு எழுந்து வந்தாள்.

"யக்கா, போன் வந்துச்சா?"

வயரைப் பிடுங்கி வைத்திருப்பதைக் காட்டினேன். மாட்டச் சொல்லி அவள் கேட்கவில்லை. கொடுத்த வாக்கு என்று ஒன்று இருக்கிறதே. திரும்பிப் போய் மெஷினில் உட்கார்ந்தாள், மிதியில் கால் வைக்கவில்லை.

சி லைனிலிருந்து முத்துச்செல்வி அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முகம் பார்த்தே பிழைப்பு நடத்துகிறவளிடம் முகத்தை மறைக்க முடியாது. ஆபீசுக்குள் வந்து, பேச்சியம்மாளைக் காட்டி, என்ன என்று கையை விரித்தாள். நான் எழுதிக் காட்டினேன். படித்தாள். சாயங்காலம் வரை பொறுத்திருந்தால் அவள் கட்சி முழுசாக ஜெயித்திருக்கும். அவள் மேசைக்கு அடியில் குனிந்து அந்த வயரைச் சுவரில் செருகினாள். தாளில் "போதும்" என்று எழுதி வைத்துவிட்டு, இடத்துக்குப் போய்விட்டாள்.

நாலு மணிக்குப் போன் அடித்தது. நான் மைக்கைப் போட்டுப் பேரை முடிப்பதற்குள் பேச்சியம்மாள் கதவில் நின்றாள். ரிசீவரைக் காதில் வைத்தாள். "தேறிட்டியாலே?" என்றாள். கண்ணிலிருந்து தண்ணீர் பாட்டுக்கு வந்தது.

போனை வைத்ததும் என்னைத் தள்ளிவிட்டு மைக்கைப் பிடித்தாள். "எம் மவன் தேறிட்டான்" என்று ஷெட்டே அதிரும்படி சொன்னாள். நாற்பது பெண்களும் கை தட்டினார்கள். சி லைனும் பார்த்துப் புரிந்துகொண்டு இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கி அசைத்தது. அவர்கள் கை தட்டுவது அப்படித்தான். பேச்சியம்மாள் அதைக் கண்ணாடி வழியே பார்த்தாள். மைக்கை வைக்காமல் இன்னும் கொஞ்சம் பேசினாள்.

"எனக்கு இந்த மைக்கு இருக்கப்பட்ட மாதிரி அவளுகளுக்கும் ஒண்ணு வேணும்ல. அவளுக போனு அவளுககிட்டயே இருக்கட்டும். எவளாச்சும் ஏன்னு கேக்கணும்னா எங்கிட்ட வந்து கேளுங்க."

யாரும் கேட்கவில்லை. அவளே சி லைனுக்கு நடந்து போனாள். சொல்ல வேண்டிய விஷயத்தைக் கையால் சொல்லப் பார்த்தாள். கட்டை விரலையும் சுண்டு விரலையும் நீட்டிக் காதருகே கொண்டுபோனாள். பாதியில் நிறுத்தினாள். தப்பு என்று அவளுக்கே தெரிந்துவிட்டது. கையைக் காதிலிருந்து எடுத்து, உள்ளங்கையை முகத்துக்கு நேராகக் கண்ணாடி பார்ப்பது போல் பிடித்தாள். முத்துச்செல்வி சிரித்த சிரிப்பை நான் அதற்கு முன் அந்த ஷெட்டில் பார்த்ததில்லை.

தூணில் ஆறு போன்

அன்றைக்கே முதலாளி சரி சொன்னார். சுவரில் ஒட்டியிருந்த என் தாளை நானே கிழித்தேன். கிழிக்கும்போது வருத்தம் இல்லை, உண்மையில் பெரிய சந்தோஷம்.

தென்காசி வாசகருக்கு ஒன்று. எல்லாத் தனி ஏற்பாடும் நியாயம் என்று நான் சொல்லவில்லை. மெஷினில் உட்கார்ந்துகொண்டே போன் பார்க்கலாம் என்று அந்த ஆறு பேர் கேட்டிருந்தால் கொடுத்திருக்க மாட்டேன். ஊசிக்கு எல்லார் விரலும் ஒன்றுதான். அதனால் தூணில் ஆறு பள்ளம் வைத்த பலகை அடித்தோம். போன்கள் அதில் நிற்கும். அழைப்பு வந்தால் வெளிச்சம் மின்னும். மெஷினை நிறுத்திவிட்டு எழுந்து போய் ஐந்து நிமிஷம் பேசலாம். மற்றவர்களுக்கும் ஐந்து நிமிஷம்தான். யாருக்காவது தனியாக ஏதாவது கொடுக்கிறார்களே என்று வயிறு எரியும்போது, அது எனக்கு ஏற்கெனவே வேறு பெயரில் கிடைத்துக்கொண்டிருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்துக்கொள்கிறேன். அவ்வளவுதான் நான் கற்றது.

முதல் வெளிச்சம் மறுநாளே மின்னியது. முத்துச்செல்வியின் போன். திரையில் ஆறுமுகம், பனியனோடு, வலது கையில் வெள்ளைக் கட்டு. இடது கையால் பேசினார். அவள் புரியாமல் முகத்தைச் சுளித்தாள். மறுபடி சொல்லச் சொன்னாள். அவர் மறுபடி சொன்னார். சி லைன் மொத்தமும் கழுத்தை நீட்டிப் பார்த்துக் குலுங்கிச் சிரித்தது. இடது கையில் அவர் பேசுவது குழந்தை மழலை மாதிரி இருக்கிறது என்று ஒருத்தி எனக்கு எழுதிக் காட்டினாள். அப்புறம் முத்துச்செல்வி சிரிப்பை நிறுத்தி, திரைக்குக் கிட்டே போய், இரண்டு கையாலும் என்னென்னவோ சொன்னாள். அவர் பார்த்துக்கொண்டே இருந்தார்.

சரியாக ஐந்து நிமிஷம். அவள் போனைப் பலகையில் வைத்துவிட்டுத் திரும்பினாள். ஆபீஸ் போனில் யார் பேசினாலும் பாதியாவது என் காதில் விழும். அந்தப் பழக்கத்தில் தாளை எடுத்து, "என்ன சொன்னார்?" என்று எழுதி நீட்டினேன்.

அவள் படித்தாள். என்னை ஒரு பார்வை பார்த்தாள். கீழே எழுதித் தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, மெஷினில் உட்கார்ந்து மிதியை அழுத்தினாள்.

"வீட்டு விஷயம்."

எனக்குச் சிரிப்பு வந்தது. அந்த ஷெட்டில் எந்தப் பெண்ணும் என் முகத்துக்கு நேராகச் சொல்லக்கூடிய பதில்தான் அது. நேற்று வரை சி லைனில் ஆறு பேருக்கு மட்டும் அப்படிச் சொல்ல ஒரு போன் பேச்சே இல்லாமல் இருந்தது.